தெற்கே காட்டிய அருந்ததி

மருதம்மாள் புருஷனை விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணி மாசக்கணக்காச்சு. இன்னும் போகலை. ஏன்னா மக கல்யாணம் குறுக்கே நின்னுச்சு. மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் தாய் கழுத்துல இருக்கிறதும் இருந்தாகணும் இல்லையா? இல்லாட்டி சம்பந்தி வீட்டுக்கு என்னா பதில் சொல்றது? அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தா. கெடாவுல பாக்கார் ஆராங்ல இருக்கிற அவங்க வீட்டுல, கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டியில துணிமணி எல்லாம் அடுக்கி, மேல பழைய பேப்பரைப் போட்டு மூடிட்டு, கல்யாணப் பத்திரிகை வெக்கக் கிளம்பிட்டா.

போற இடம் செர்டாங். அங்க அகத்தா இருக்கா. ரெண்டு பேரும் திகாம் பத்து பக்கத்து ரப்பர் தோட்டத்துல ஒரே லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவங்க. ஒருத்தி மாரியம்மன் கோயிலுக்குப் போவா, ஒருத்தி மாதா கோயிலுக்குப் போவா, ஆனா வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ். அகத்தா இப்ப செம்பனை எண்ணெய் ஆலை ஒண்ணுல கேன்டீன் எடுத்து நடத்துறா. "தனியா மல்லுக்கட்ட முடியலைடி. நீ வந்து நாசி லெமாக் சோத்தைப் பாரு, நான் கறியைப் பாத்துக்கிறேன். மேல ரூம் சும்மாதான் கிடக்கு"ன்னு கூப்பிட்டுட்டா. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் காலையில, அகத்தா ஓட்டிட்டு வர்ற காடியிலயே ஏறிப் போயிடறது. திரும்புறதா இல்லை. இது அவங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படி என்னாதான் குத்தம் செஞ்சிட்டாரு பழனியாண்டி? அங்கதான் சிக்கல். அடிச்சாரான்னா, கை ஓங்கினதில்லை. குடிச்சாரான்னா, தீபாவளிக்கு ஒரு பீர், அதுலயும் பாதியை மச்சானுக்கு ஊத்திடுவாரு. மனுஷன் பேச மாட்டாரு. அவ்வளவுதான் கேஸ். செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டி ரிட்டையர் ஆனவரு. "சாப்பிடுறீங்களா?"ன்னா "ம்." "கொழம்புல உப்பு பத்தலையா?" "ம்." "பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சிருச்சு!" "ம்." செவுத்துப் பல்லிகூட நடுநடுவுல ஒரு சத்தம் கொடுக்கும்.

"பேசாத புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்க்கா"ன்னு யாராச்சும் சொன்னா மருதம்மாளுக்குப் பத்திக்கிட்டு வரும். "ஒரு வாரம் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோயேன், திருப்பித் தரவே வேணாம்"பா.

அதைக்கூட மன்னிச்சிடலாம். மன்னிக்க முடியாதது டுரியான் விஷயம், முள்ளுத் தோலும் ஊரைக் கூட்டுற வாடையுமா இருக்குமே, அந்தப் பழம்.

வருஷா வருஷம் டுரியான் சீசன் வந்தா பழனியாண்டிக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். பொழுது சாஞ்சதும் அவசர அவசரமா ரெண்டு வாய் சோத்தைப் போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துருவாரு. எங்கன்னு கேட்டா "சும்மா." சும்மாவா? மருதம்மாளோட தம்பி ஜெயகுமார் ஒருதடவை பாத்துட்டு வந்து சொல்லிட்டான், பழைய தோட்டத்துல மாமா தனியா நிக்கிறாருன்னு. அங்க என்னா இருக்கு நிக்கிறதுக்கு? லயத்தை இடிச்சாச்சு. கோயிலைத் திகாம் பத்துக்கு மாத்தியாச்சு. பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்தாச்சு. மிச்சம் நிக்கிறது நாலு டுரியான் மரம். அப்புறம் என்னா, விளக்கம் வேணுமா? சீனி வியாதிக்காரரு. டுரியானைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு அனுப்பியிருக்காரு. பொண்டாட்டிக்குத் தெரியாம மரத்தடியில நின்னு முழுங்கிட்டு வர்றாரு, வேற என்னா!

வந்ததும் மருதம்மாள் பக்கத்துல போய் மோந்து பாப்பா. வாடை இருக்காது. டுரியான் தின்னுட்டு அதே தொலியில தண்ணி ஊத்திக் கை கழுவி, ஒரு மொடக்கு குடிச்சிட்டா வாடை ஓடிப்போயிடும்னு இந்த ஊருல பச்சப்புள்ளைக்கும் தெரியும். 'கள்ளன், கைதேர்ந்த கள்ளன்'னு நினைச்சுக்குவா. தின்னதுகூடப் போகட்டும், ஒரு சுளை? கட்டினவளுக்கு ஒரே ஒரு சுளை மடிச்சு எடுத்துட்டு வரத் தோணுச்சா? அந்த ஒரு சுளைதான் வருஷக்கணக்கா அவ நெஞ்சுக்குள்ள முள்ளோட கிடந்துச்சு. அவளும் லேசுப்பட்டவளா? பாசார்ல நல்ல பழமா வாங்கியாந்து, நடுவீட்டுல அவரு கண்ணு முன்னாடியே உடைச்சு, ஒரு சுளை நீட்டாம ஒத்தையாத் தின்னு தீப்பா. அவரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. அதைப் பாத்தா அவளுக்கு அன்னைக்கு நல்லாத் தூக்கம் வரும்.

இப்படியாக, மக உமாராணி கல்யாணமும் அதே டுரியான் சீசன்ல, ஜூன் மாசத்துல வந்துச்சு. இடம், திகாம் பத்து கோயில் மண்டபம். வேலைக்குப் போற சனம் குளிச்சுக் கிளம்பி வந்து சேரணும்னா மாலை முகூர்த்தம்தான் தோது, நம்ம பக்கம் அப்படித்தானே.

மாப்பிள்ளை யோகேந்திரன் தங்கமான பையன். கூலிம்ல சிப் செய்யிற பேக்டரியில டெக்னீஷியன். சிகரெட் இல்லை, வேற எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. ஒரே ஒரு கோளாறு, நட்சத்திரம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கேசரியைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு மேல பாத்தான். கல்யாணத்துக்கு வரும்போது வேன்ல டெலஸ்கோப்பையும் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டான். ஆளுயரம், பைப்பு மாதிரி, வெள்ளையா. இது சீர்வரிசையில வந்த தண்ணி ஹீட்டர்னு நினைச்சு எந்தப் புண்ணியவதியோ அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, மல்லிகைச் சரமும் சுத்திட்டா. அவன் எடுக்க விடலை. "இருக்கட்டும் லா, அழகா இருக்கு"ன்னுட்டான்.

தாலி ஏறுச்சு. கெட்டிமேளம் முடிஞ்சுச்சு. மருதம்மாள் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, 'அப்பாடா, நம்ம டியூட்டி முடிஞ்சுது'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. அம்மி மிதிச்சாச்சு. தமிழ்நாட்டுல இருந்து வேலை பெர்மிட்ல வந்த குருக்கள் அவசரமா மேல கையைக் காட்டினாரு.

"அருந்ததி பாருங்கோ. தெரியறதா?"

அவரு விரல் நீண்ட திசையில இருந்தது மண்டபத்தைக் குளிர வைக்கிற ஏர்கோன். இது எல்லாக் கல்யாணத்துலயும் நடக்கிறதுதான். தெரியுதுன்னு சொல்லிட்டு எறங்கிச் சாப்பிடப் போகணும். இது ஒரு சம்பிரதாயம், பரீட்சை இல்லை.

"தெரியலை சாமி. ஏர்கோன்தான் தெரியுது"ன்னான் யோகேந்திரன்.

"தெரியுதுன்னு சொல்லித் தொலைங்க லா"ன்னு பல்லைக் கடிச்சா உமாராணி. மாலை கனம் அவளுக்கு.

"உமா, வெளிய நெசமாவே நட்சத்திரம் வந்திருச்சு. பகல் கல்யாணமா இருந்தா பொய் சொல்லலாம். ராத்திரிக் கல்யாணத்துல எதுக்குப் பொய்? வா."

மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் வெளிய நடந்தாங்க. பின்னாடியே சனம் மொத்தமும் எந்திரிச்சு வந்துச்சு. சாப்பாடு வெளியதான் போடுறாங்கன்னு நினைச்சு வந்தவங்களும் அதுல உண்டு. குருக்கள் "நாழி ஆறது, நாழி ஆறது"ன்னுக்கிட்டே கடைசியா வந்தாரு. மண்டபத்துக்குப் பின்னாடி கார் நிறுத்துற இடம், அதைத் தாண்டினா செம்பனைக் காடு. ஜெயகுமார் டெலஸ்கோப்பைத் தூக்கியாந்து நிறுத்திட்டு, ஓடிப்போய் வெளி லைட்டை எல்லாம் அணைச்சான்.

யோகேந்திரன் வடக்குப் பக்கம் திரும்பி நின்னான். "அதோ, அகப்பை மாதிரி ஏழு நட்சத்திரம் தெரியுதா? காம்புல நடுவுல நிக்கிறது வசிட்டர். அவரை ஒட்டிக்கிட்டு ஒரு பொடி நட்சத்திரம் இருக்கு பாருங்க, அதுதான் அருந்ததி."

உமாராணி கண்ணைச் சுருக்கிப் பாத்தா. "ஆமாங்க! நெசமாவே இருக்கு!"ன்னு கத்திட்டா, ஏர்கோனை மறந்துட்டு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. மருதம்மாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா சாப்பாடும் ஆறியிருக்காது.

"மாப்பிள்ளை, தப்பான பக்கம் காட்டுறீங்க. அருந்ததி தெற்குப் பக்கம் இருக்கும்."

"இல்லை அத்தை, வடக்குதான்."

"என்னா வடக்கு? எங்க தோட்டத்துக் கோயில்ல எங்களுக்குத் தெற்குலதான காட்டுனாங்க? பீல்டு பக்கம். நீங்க சொல்லுங்கக்கா, எங்க காட்டுனாங்க?"

பழைய தோட்டத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் ஒரே குரல்ல, "தெற்குதான்! பந்தடிக்கிற பீல்டு பக்கம்!"னாங்க.

யோகேந்திரன் பாவம், உண்மையைச் சொல்றதால என்னென்ன கேடு வரும்னு அவனுக்கு இன்னும் அனுபவம் பத்தாது. "தெற்குல அருந்ததி கிடையவே கிடையாது அத்தை. யாரோ தப்பாக் காட்டியிருக்காங்க."

அப்புறம் பாருங்க, கொட்டிக் கவுத்த மாதிரி ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. "அதான் எங்க வீட்டு ஆளு முதல் மாசமே ரெண்டு பல்லை உடைச்சான்!"னா ஒருத்தி. "எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே தெரியலைன்னு அப்பவே சொன்னேன்"னாரு ஒரு பெரிசு. "உங்களுக்கு என்னைக்குத்தான் என்னா தெரிஞ்சுது?"ன்னு அவரு சம்சாரம் கேட்டா. இன்னொருத்தரு மூணாவது கல்யாணம் பண்ணவரு, மூணும் அதே கோயில்ல, அவரு தலையில கையை வெச்சுக்கிட்டு வேன் படியிலயே உக்காந்துட்டாரு.

எல்லார் கண்ணும் ஒரே ஆளைத் தேடுச்சு. பழைய தோட்டத்துக் கோயில் பூசாரி இருளப்பன். வயசு எண்பதுக்கு மேல. பிளாஸ்டிக் நாற்காலியோட நாலு பேரு தூக்கிட்டு வந்து வெளிய வெச்சிருந்தாங்க.

"பூசாரியாரே! எங்க எல்லாருக்கும் எதைய்யா காட்டுனீங்க?"

இருளப்பன் அசரலை. "கத்தாத. காது நல்லாத்தான் கேக்குது. வடக்குப் பக்கம் என்னா இருந்துச்சு? ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டகை. அந்தப் புகையில அருந்ததியை மட்டுமில்லை, ஆனையை நிறுத்தினாலும் தெரியாது. தெற்குல பீல்டு, வானம் பளிச்சுன்னு கிடந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளையைத் திருப்பி நிறுத்திக் கையை நீட்டினேன். தெரியுதான்னு கேட்டேன். அத்தனை பேரும் தெரியுதுன்னீங்க. ஒருத்தி, ஒரே ஒருத்தி, தெரியலை சாமின்னு சொன்னாளா? பொய் சொன்னது நானா, நீங்களா?"

அதைக் கேட்டதும் மருதம்மாளுக்குத் தலைக்குள்ள விளக்கு எரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. இவ்வளவு நாளா ஒரு காரணம் கிடைக்காமத்தானே முழிச்சா? பேசலைன்னு சொல்லிப் பிரிய முடியுமா, டுரியான்னு சொல்லிப் பிரிய முடியுமா, ஊரு சிரிக்காதா? இப்ப ஆகாசத்துல இருந்தே காரணம் எறங்கி வந்துடுச்சு.

"அப்படிப் போடு!"ன்னு கையைத் தட்டினா. "அப்ப எங்க கல்யாணமே கணக்குல சேராது! அருந்ததியே பாக்காம நடந்த கல்யாணம் என்னா கல்யாணம்? நான் இன்னும் கன்னிப்பொண்ணு லா! பெட்டியெல்லாம் கட்டி வெச்சாச்சு, நாளைக்குக் காலையில அகத்தாகூட செர்டாங் போறேன். இனிமே யாரு 'ம்'முக்கும் நான் சோறாக்கிப் போட வேண்டியதில்லை!"

சனம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. வாய்க்காரி ஏதோ வேடிக்கை பேசுறான்னு நினைச்சாங்க. அகத்தா மட்டும் சிரிக்கலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதைப் பாத்த உமாராணி, "அம்மா! பெட்டியா? என்னாம்மா இது?"ன்னா. சிரிப்பு ஒவ்வொருத்தரா நின்னுச்சு. வேடிக்கை இல்லைன்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. மருதம்மாளுக்கே திக்குன்னுச்சு. நாளைக்குச் சத்தமில்லாமப் போறதுக்கு இருந்தவ, மக கல்யாணத்தன்னைக்கு ஊரைக் கூட்டி வெச்சுச் சொல்லிப்புட்டாளே. ஆனா சொன்னது சொன்னதுதான், எச்சில் துப்பினது துப்பினதுதான்.

அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஒரு குரல் வந்துச்சு. பல பேருக்கு அது யாரு குரல்னே தெரியலை, கேட்டிருந்தாத்தானே.

"எனக்குத் தெரிஞ்சுது."

பழனியாண்டி. பட்டு வேட்டியும் சட்டையுமா, கையில தாம்பூலப் பைகளோட நின்னாரு. சம்பந்திக்குக் கொடுக்கச் சொல்லி மருதம்மாள் கொடுத்திருந்தது, இன்னும் கொடுக்கலை.

"என்னா தெரிஞ்சுது?"ன்னா மருதம்மாள்.

"பூசாரி காட்டுனப்ப. எனக்குத் தெரிஞ்சுது." பையை ஒரு கார் மேல வெச்சுட்டு, கூட்டத்தை விலக்கிட்டு வந்து தெற்குப் பக்கம் கையைக் காட்டினாரு. "அதோ ரெண்டு பளிச்சுன்னு கிடக்கா? அதுல வலது பக்கத்துல இருக்கிறதுல இருந்து மேல போனா ஒண்ணு. இன்னும் அதே அளவு மேல போனா இது. மத்ததெல்லாம் கூரா இருக்கும், இது மட்டும் புகை மாதிரி. இங்க லைட்டு ஜாஸ்தி, சரியாத் தெரியாது. ஆனா அங்கதான் இருக்கு."

அவரு வாழ்க்கையில ஒரே மூச்சுல பேசுனதுல அதுதான் நீளமா இருக்கும். உமாராணி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா.

"மாமா!"ன்னு கத்தினான் யோகேந்திரன். பொண்டாட்டி கையை விட்டுட்டு டெலஸ்கோப்பைத் திருப்பி, மல்லிகைச் சரத்தை ஒதுக்கிக் கண்ணை வெச்சான். "ஒமேகா சென்டாரி! நீங்க பாத்தது அதுதான் மாமா! அது ஒத்தை நட்சத்திரமே இல்லை. கொத்து. உருண்டையா, ஒரு கோடி நட்சத்திரம் ஒண்ணா சேந்து கிடக்கிற கொத்து!"

அவனுக்கு வந்த உற்சாகத்தைப் பாக்கணுமே. நின்ன எடத்துல ஒரு சுத்துச் சுத்திக் கையாலயே கோடு போட்டுக் காட்டினான். "வடக்குல அருந்ததி. நடு உச்சந்தலை பக்கம் அதோ வெள்ளையா இருக்கே, அது சித்திரை. தெற்குல இது. மூணும் ஒரே நேர்கோடு. மூணும் ஒரே நேரத்துல உச்சிக்கு வரும். நம்ம கெடாவுல இருந்து பாத்தா அருந்ததி வடக்குல எவ்வளவு உயரமோ, இது தெற்குல ஏறக்குறைய அதே உயரம். பூசாரித் தாத்தா நேரத்தையும் சரியாப் பிடிச்சிருக்காரு, உயரத்தையும் சரியாப் பிடிச்சிருக்காரு. ஆளைத்தான் திருப்பி நிறுத்திட்டாரு!"

"கேட்டுக்குங்கடி"ன்னாரு இருளப்பன். "மூணுல ரெண்டு சரி. பாஸ் மார்க்கு."

"பக்கத்துல எங்க சிலுவையும் நாலு நட்சத்திரமா நிக்குது பாரு"ன்னா அகத்தா தெற்கைக் காட்டி. "எங்களுக்குப் பூசாரி வந்து காட்டவே வேணாம், தானாவே தெரியுது."

"நீங்க பாருங்க அத்தை"ன்னு யோகேந்திரன் எடத்தை விட்டான். மருதம்மாள் பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் குனிஞ்சா. முதல்ல ஒண்ணுமில்லை, அவ இமைதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் மெல்ல வந்துச்சு. கறுப்புத் துணியில சீனியைக் கொட்டினாப்பல. நடுவுல குமிஞ்சு, ஓரத்துல செதறி, எண்ணவே முடியாதபடி. அவ வாய் தானா மூடிக்கிச்சு.

"ஆயிரத்து இருநூறு கோடி வருஷமா இப்படியே சேந்திருக்குன்னு சொல்றாங்க அத்தை. ஒண்ணு ரெண்டு பிச்சுக்கிட்டு ஓடியிருக்கும். மத்தது எல்லாம் ஒண்ணாவே."

"அந்த ஒண்ணு ரெண்டு செர்டாங்குக்குத்தான் போயிருக்கும்"னா அகத்தா.

"ஒரு கோடியா?"ன்னு நிமிந்தா மருதம்மாள். வாய் திரும்ப வந்துருச்சு. "ஒரே ஒரு ஆளோட முப்பத்து நாலு வருஷம் இருந்ததுக்கே எனக்கு மூச்சு முட்டுது. ஒரு கோடிப் பேரு ஒரே லயத்துலயா? கக்கூஸுக்கு என்னா பண்ணுவாங்க?"

யோகேந்திரன் நிறுத்துற மாதிரி இல்லை. "இன்னொண்ணு சொல்றாங்க. இது முன்னால ஒரு சின்ன அண்டமா இருந்திருக்கலாம். நம்ம பால்வீதி அதை அப்படியே முழுங்கிடுச்சு, நடுக்கொட்டை மட்டும்தான் மிச்சம்னு. டுரியானைத் தின்னுட்டுக் கொட்டையைப் போட்ட மாதிரி."

டுரியான்! அவன் என்னத்தைக் கண்டான், பாவம். மருதம்மாள் விருட்டுன்னு புருஷன் பக்கம் திரும்பிட்டா.

"நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க மாப்பிள்ளை. சபையில வெச்சே கேக்கிறேன். ஏங்க, வருஷா வருஷம் இந்த மாசமானா பழைய தோட்டத்துக்குப் போய் டுரியான் மரத்தடியில நின்னு தின்னுட்டு வர்றீங்களே, எனக்கு ஒரு சுளை, ஒரே ஒரு சுளை கொண்டாரணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

பழனியாண்டி அவளையே பாத்தாரு. நெசமாவே புரியாத முழி.

"டுரியானா? எனக்கு டுரியானே ஆகாது. வாடை பட்டாலே குமட்டும்."

"என்னாது? நான் வீட்டுல உடைக்கிறப்ப எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வெளிய போவீங்களே?"

"வாடை தாங்கலை."

எங்கயோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். ஜெயகுமார் அவன் கையைக் கிள்ளி அடக்கினான். கட்டின புருஷனுக்கு டுரியான் பிடிக்குமா பிடிக்காதான்னே தெரியாம, அதை வெச்சே அத்தனை வருஷம் பழி வாங்கியிருக்கா மருதம்மாள்.

"அப்ப... அந்தக் காட்டுக்குள்ள எதுக்குப் போறீங்க?"

அவரு திரும்பவும் தெற்கே கையைக் காட்டினாரு. "பாக்கார் ஆராங்ல வெளிச்சம். இது தெரியாது. தோட்டத்துலதான் நல்லாத் தெரியும். இந்த மாசத்துலதான் சோறு தின்னதும் போனா நேரா மேல நிக்கும். நம்ம கல்யாணத்தன்னைக்கு நின்ன மாதிரி."

சொல்லிட்டு, இவ்வளவு பேசினதே தப்போங்கிற மாதிரி வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டாரு.

மருதம்மாளுக்கு முதல்ல வந்தது அழுகை இல்லை, கோவம். சுத்தமான கோவம். "ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? வருஷம் பூரா என்கூட ஒரு வார்த்தை பேசாம, இந்த மாசம் மட்டும் அங்க போய் ஒத்தையா நின்னுட்டு வந்திருக்கீங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'வா மருதம், நம்ம அருந்ததி வந்திருக்கு'ன்னு என்னையும் பின்னாடி ஏத்திட்டுப் போய்க் காட்டியிருந்தா என்னா குறைஞ்சா போயிருப்பீங்க?"

பழனியாண்டி ஆச்சரியமாப் பாத்தாரு. அவ கேக்கிறது ஏதோ நியாயமே இல்லாத மாதிரி.

"நீதான் அன்னைக்கே பாத்துட்டியே. தெரியுதுன்னு சொன்னியே."

மருதம்மாள் தெற்குப் பக்கம் திரும்பினா.

அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் தெரியலை. பசி. சேலைக் கனம். பூசாரி விரலைத்தான் பாத்தா, நகத்துல மஞ்சள் அப்பியிருந்துச்சு. தெரியுதான்னாரு, தெரியுதுன்னுட்டா, எல்லாரும் சொல்றதுதானே. அதோட முடியலை. பக்கத்துல நின்ன புது மாப்பிள்ளை, அதுவரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசாதவரு, மாலைக்குள்ள இருந்து குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு. "புகை மாதிரி இருக்குல்ல?" அவ்வளவு ஆசையா ஒரு மனுஷன் கேட்டதை அவ அதுக்கப்புறம் பாத்ததில்லை. அதுக்கு இவ என்னா சொன்னா?

"ம்."

பொண்டாட்டியா அவருகிட்ட அவ சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவரு அதை நம்பிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து பாத்துட்டோம், இதுல பேச என்னா இருக்குன்னு இருந்துட்டாரு.

மருதம்மாள் மறுபடியும் டெலஸ்கோப்புல குனிஞ்சா. இந்தத் தடவை ஒண்ணுமே தெரியலை, கண்ணுல தண்ணி. இருந்தும் ரொம்ப நேரம் நிமிரலை. உமாராணிதான் கிட்ட வந்து, "அம்மா, போறீங்களா? நெசமாவே போறீங்களா?"ன்னு கேட்டா.

மருதம்மாள் முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டு நிமிந்தா. "போறேன்னு சொன்னா போவேன். வாக்குக் கொடுத்தாச்சு, கேன்டீனை யாரு பாக்கிறது?" அகத்தா பக்கம் திரும்பினா. "ஏண்டி, உன் ஆலைக்குப் பின்னாடி இருட்டா இருக்குமா?"

"கும்மிருட்டுடி. பன்னி வந்து நின்னாலும் தெரியாது."

"மேல ரூம்ல ரெண்டு ஆளு படுக்கலாமா?"

அகத்தா ஒரு நொடி முழிச்சா. அப்புறம் சிரிச்சா. "நெருக்கிப் படுத்தா கோடிப் பேரு படுக்கலாம்னு இப்பத்தானே மாப்பிள்ளை சொன்னாரு?"

மருதம்மாள் புருஷனைப் பாத்தா. "என்னா, வர்றீங்களா?"

"ம்."

"இந்தக் கதையே வேணாம். வாயைத் தொறந்து சொல்லுங்க. வர்றீங்களா இல்லையா?"

பழனியாண்டி காரு மேல வெச்ச தாம்பூலப் பைகளை எடுத்துக்கிட்டாரு. கொஞ்சம் யோசிச்சாரு.

"வர்றேன். டுரியானை மட்டும் ரூம்ல வெச்சு உடைக்காத."

"அதைப் பேசிக்கலாம்"னுட்டு மருதம்மாள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டா.